சங்கம் என்றால் எந்தச் சங்கம்? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு சனிக்கிழமை

பதினெட்டு வருடமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். முதலாளித்துவம், சமதர்மம் என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, வேறுபாடுகளை எழுதிப் போடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் கொட்டுவார்கள். இந்த வருடம் அரையாண்டுத் தாள் திருத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். ‘போட்டி’ என்ற சொல்லை எல்லோருமே சமதர்மத்தின் கட்டத்தில் எழுதியிருந்தார்கள். முதலில் பிள்ளைகளைத்தான் திட்டினேன். பிறகு ஒரு மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்தால், தவறு என்னுடையது. நான்தான் அவசரத்தில் கட்டம் மாற்றி எழுதியிருக்கிறேன். நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்கு வந்த கோபத்தில்தான் இந்தப் பயணம். யந்திரம் வந்த பிறகு பிறந்த இரண்டு ஏற்பாடுகளைப் பற்றி இத்தனை வருடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேனே, யந்திரத்தின் பக்கத்தில் ஒரு நாளாவது நின்றிருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தேன். தனியார் பஞ்சாலைகளுக்கு ராஜபாளையம். கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் காலை 5.10 மணிக்குப் பஸ். 6.40க்கு மதுரை மாட்டுத்தாவணி. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு 7 மணிக்கு ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்தேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு மலை கிடைக்கும். நான் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி 9.15க்கு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு. நாலு இட்லி, ஒரு வடை, காபி சேர்த்து அறுபது ரூபாய். அங்கிருந்து மில்லுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது.

மில்லின் பெயரை எழுதப் போவதில்லை, உள்ளே விடும்போதே கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். மேனேஜர் கூட வந்து காட்டுவதாக ஏற்பாடு. வாசலில் செக்யூரிட்டி, “மேனேஜர் சார் இல்லீங்களே. முதலாளியோட சங்கத்துக்குப் போயிருக்காரு” என்றார். எந்தச் சங்கம் என்று கேட்டேன். “மில் முதலாளிமாரு சங்கம்தான். கரண்டு விசயமா மீட்டிங்கு.” தொழிலாளருக்கு மட்டும்தான் சங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது முதல் பாடம்.

சுப்புராஜ் என்ற சூப்பர்வைசர் வந்து அழைத்துப் போனார். போனில் தெலுங்கு, என்னிடம் தமிழ், யந்திரங்களிடம் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிற மனிதர். பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்கிற இடத்திலிருந்து தொடங்கினோம். பஞ்சு மெல்லிய போர்வையாகிறது, போர்வை கயிறாகிறது, கயிறு இழுபட்டு இழுபட்டு மெலிகிறது. கடைசியில் ரிங் ஃப்ரேம் என்ற நீண்ட யந்திரங்களில் நூலாக முறுக்கேறுகிறது. நூலைச் சுற்றிக்கொள்ளும் கதிர்கள் வரிசையாகச் சுழல்கிற சத்தத்தில் பேச்சே எடுபடாது. வெளியே வரும்போது என் புருவமெல்லாம் பஞ்சு.

அங்கேதான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ரிங் ஃப்ரேமைக் கவனிக்கிறவர்களை இங்கே ‘சைடர்’ என்கிறார்கள். யந்திரத்தின் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த இழையைக் கண்டால் ஒட்ட வேண்டும். அவர் ஒட்டுவதை நாலு தடவை உற்றுப் பார்த்தேன், நாலு தடவையும் விரல் போனதும் வந்ததும் தெரியவில்லை. ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று காதருகே கத்திக் கேட்டேன்.

“அளந்து பாத்ததில்ல டீச்சர். சீவில்லிபுத்தூருக்கு நடந்தா எம்புட்டோ அம்புட்டு வரும்” என்று அவரும் என் காதில் கத்தினார்.

சுவரில் ஒரு பலகை. அந்த மாதம் நூல் அறுப்பு குறைவாக இருந்த சைடர்களின் பெயர்கள். பேச்சியம்மாள் இரண்டாவது. ஒவ்வொரு யந்திரத்து நூலையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள், நல்ல நூலுக்கு ஊக்கத்தொகை உண்டு என்றார் சுப்புராஜ். ஒரு யந்திரம் பத்து நிமிடம் நின்றாலும் அவர் முகம் வாடிவிடுகிறது. யந்திரத்தில் பணம் போட்டவருக்கு அது நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அந்தப் பதைப்புதான் மில்லை ஓட்டுகிறது. புது யந்திரம் வாங்க வைப்பதும் அதுதான், ஆளைக் குறைக்க வைப்பதும் அதுதான். ராட்டை ஒரு வீட்டுக்குள் அடங்கும், சுற்றுகிறவருக்கே சொந்தமாக இருக்கும். இத்தனை பெரிய யந்திரம் அப்படி இருக்க முடியாது. ஒருவர் வாங்குகிறார், நூறு பேர் ஓட்டுகிறார்கள். இது யாருடையது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. வாங்கியவருடையது என்றது ஒரு பதில், ஓட்டுகிற எல்லோருடையது என்றது இன்னொரு பதில். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் காது அடைக்கும்போதுதான் புரிந்தது.

பதினொன்றரைக்குக் கேண்டீனில் பேச்சியம்மாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, “அப்ப சாயங்காலம் எங்க சங்கத்துக்கு வாங்க. அங்க வேற கூத்து நடக்கு” என்றார்.

கூத்து இதுதான். அவருடைய ஊர் மம்சாபுரம் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பால் கூட்டுறவுச் சங்கம், எண்பத்து நாலு உறுப்பினர்கள். இப்போது ஒரு தனியார் பால் கம்பெனியின் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து அதிக விலை தருகிறது. ஒரு நிபந்தனை, சங்கத்துக்குப் பால் ஊற்றக் கூடாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் அங்கே போனால் சங்கத்தை மூட வேண்டியதுதான்.

“தப்பு எங்க பேருலயும் இருக்கு டீச்சர். சங்கத்துல எல்லாருக்கும் ஒரே வெல. புல்லு, புண்ணாக்குன்னு பாத்துப் பாத்துப் போடுதவளுக்கும் அதே வெல, பாலுல பாதி தண்ணியா ஊத்துதவனுக்கும் அதே வெல. எல்லாப் பாலும் ஒரே கேன்ல. நல்ல பால் ஊத்துதவுகதான் மொதல்ல வண்டிக்குப் போறாக.”

“நீங்க என்ன செய்யச் சொல்றீங்க?”

“இங்க நூல சோதிக்காகல்ல, அதே மாதிரி பால சோதிக்க மெஷின் இருக்கு. ஆளாளுக்குத் தனித்தனியா பாத்து, கொழுப்புக்குத் தக்க வெல குடுக்கணும். சங்கம் எல்லாருக்கும் பொது, பாலு அவுக அவுகளுது. இன்னைக்கு நாலரைக்குப் பொதுக்குழு. நாப்பத்திரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தீர்மானம் செல்லும்.”

இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தோன்றியது, கேட்டேவிட்டேன். அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். “இன்னும் ஏழெட்டு வருசம் இழை கண்ணுக்குத் தெரியும். பொறவு மில்லுல வச்சிருக்க மாட்டாக. அப்ப எனக்கு மாடுதான் சோறு. சங்கம் இருக்குத மட்டும்தான் வண்டிக்காரரும் நல்ல வெல தருவாரு. சங்கத்த மூடிட்டா அவரு வச்சதுதான் வெல.” நான் கரும்பலகையில் தவறாகப் போட்ட ‘போட்டி’ என்ற சொல்லை, இந்த அம்மாள் சமதர்மத்தின் கட்டத்திலேயே வைத்து நியாயப்படுத்திவிட்டார். தாள் திருத்தியபோது கழித்த மதிப்பெண்ணைத் திரும்பப் போட வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

மில்லிலிருந்து 12.40க்குக் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பின்னாலேயே ஒரு தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதில் கட்டணம் உண்டு, பாட்டும் உண்டு, வேகமும் உண்டு. எங்கள் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்: “அவசரம்னா அதுல போவேன், இல்லாட்டி இதுல.” பொருளியலில் இதற்குக் கலப்புப் பொருளாதாரம் என்று பெயர், ஆறு பக்கம் இருக்கிறது.

மதியச் சாப்பாடு நூறு ரூபாய். பிறகு பால்கோவா. இந்த ஊரில் கூட்டுறவுக் கடையும் தனியார் கடைகளும் சில அடி தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சி என்ற பெயரில் இரண்டிலும் நூறு நூறு கிராம் வாங்கி, ஒரு மரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். கூட்டுறவுக் கடையில் சில்லறைக்காகக் காத்திருந்தேன், தனியார் கடையில் “இன்னும் கால் கிலோ போடட்டுமா அக்கா” என்று கையைப் பிடிக்காத குறையாக வற்புறுத்தினார்கள். நாக்குக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒரே பக்கத்து மாடுகளின் பால்.

3.50க்கு ஆட்டோ. ஓட்டியவர் பெயர் சாகுல். எட்டு கிலோமீட்டருக்கு 220 ரூபாய் பேசினோம். கோபுரம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது, மலை முன்னால் வளர்ந்துகொண்டே வந்தது. நான் ஊர்ப் பெயரைச் சொல்லி, “அங்க சங்கத்துல இறக்கிவிடுங்க” என்றேன். ஊர் முகப்பில் ஒரு கொடிக்கம்பமும் தகரக் கூரைக் கட்டடமும் இருந்த இடத்தில் சாகுல் இறக்கிவிட்டார். இருபது பேர் வரை உட்கார்ந்திருந்தார்கள், பெண்களும் ஆண்களும் சரிபாதி. மணி 4.20. சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று பெருமையாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவர்கள் பேசியது முழுக்க ஷிப்டைப் பற்றியும் மில் பஸ்ஸைப் பற்றியும். பால் என்ற சொல்லே வரவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் மாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். இருபது நிமிடம் கழித்துப் போன் வந்தது. பேச்சியம்மாள்.

“டீச்சர், எங்க இருக்கீக? கூட்டம் நடக்காது போலருக்கு. இருபத்தஞ்சு பேருதான் வந்திருக்காக. கூட்டுறவு ஆபீசர் அஞ்சரை மட்டும்தான் இருப்பேங்காரு.” குரல் உடைந்திருந்தது.

“நான் சங்கத்துலதான் இருக்கேன். இங்க இருபது பேர் இருக்காங்களே.”

“டீச்சர், அங்க கொடி இருக்கா?” என்றார்.

இருந்தது. அது மில் தொழிலாளர் சங்கத்தின் கிளைக் கட்டடம். பால் சங்கம் ஊரின் மறுகோடியில், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. பால் சங்கத்தின் எழுத்தர் முந்தின நாள் ஊர் வாட்சப் குழுவில் இப்படி அனுப்பியிருக்கிறார்: ‘நாளை மாலை 4.30க்குச் சங்கத்தில் முக்கியக் கூட்டம். தவறாமல் வரவும்.’ அவ்வளவுதான். எழுத்தருக்குச் சங்கம் என்றால் பால். மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சங்கம் என்றால் கொடிக்கம்பம். இரண்டிலும் உறுப்பினராக இருப்பவர்கள், முக்கியக் கூட்டம் என்றதும் கூலி விஷயம் என்று நினைத்து இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் செக்யூரிட்டி சொன்ன முதலாளிமார் சங்கத்தையும் சேர்த்தால், அன்றைக்கு நான் சந்தித்த மூன்றாவது சங்கம் இது. முதலாளி, தொழிலாளி, மாடு வைத்திருப்பவர் என்று யார் ஒன்று சேர்ந்தாலும் அதற்குத் தமிழில் ஒரே சொல்தான்.

நான் எழுந்து நின்று, வகுப்பறைக் குரலில், “இங்க யார் யார் பால் ஊத்துறீங்க?” என்று கேட்டேன். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. கைதூக்காத ஒரே ஆள் அந்தக் கட்டடத்தின் காவலர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏலே, பால் சங்கம்னு ஒரு வார்த்த சேத்துப் போட்டா அவன் கை தேஞ்சா போவும்?”

பிறகு நடந்ததைப் பயணச் செலவில் சேர்க்க முடியவில்லை. சாகுல் இன்னும் போகாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நடைக்கு ஆறு பேராக மூன்று நடை அடித்தார். சட்டப்படி அது தவறு, நான் பரிந்துரைக்கவில்லை. மிச்சம் ஒருவரும் நானும் ஒரு பைக்கில் போனோம். கூடுதல் காசு கொடுக்கப் போனபோது சாகுல், “வேண்டாம் டீச்சர். எங்க வீட்டுலயும் ரெண்டு மாடு நிக்கி, எங்கூரு சங்கத்துலயும் இதே கததான்” என்றார். 5.20க்கு நாற்பத்து நாலாவது கையெழுத்து விழுந்தது. அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.

கூட்டம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் பொய். தவமணி என்ற அம்மாள் எழுந்து பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அவர் தனியார் வண்டியின் பக்கம்.

“ஏட்டி பேச்சி, எம் மாடு கன்னு போட முடியாம கெடந்தப்ப உன் சங்கத்துல எவன் வந்தான்? வண்டிக்காரருக்கு ஒரு போனு போட்டேன், செத்த நேரத்துல டாக்டரக் கூட்டிட்டு வந்து நிக்காரு. நான் ஏன் போவக் கூடாது?”

“போங்க மதினி, யாரு வேண்டாங்கா? டாக்டருக்குச் சொல்லி வைக்கது எங்க வேலதான், செய்யல, தப்புதான். ஆனா அவரு நாளைக்கு வெலயக் கொறச்சா நீங்க யாருட்டப் போய்ச் சண்ட போடுவீக? இங்கன்னா எம் மயிரப் பிடிச்சுக் கேக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. “மெஷின் வந்தா உன் சொந்தக்காரிக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி காட்டாதுன்னு என்ன நிச்சயம்?” என்றார். அது நல்ல கேள்வி என்று எனக்கே தோன்றியது. பொதுச்சொத்து என்று சொல்லிவிட்டு நாலு பேர் தங்கள் சொத்தாக்கிக்கொண்ட கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் எல்லோருடைய அளவையும் வாசல் பலகையில் எழுதிப் போடலாம் என்றார். மில்லில் அவர் பெயர் இருந்த பலகைதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுகிறவர்கள் என்று ஊரே சந்தேகப்படுகிற இரண்டு மூன்று பேர் மட்டும் அதெல்லாம் எதற்கு என்று முனகினார்கள்.

கை தூக்கி ஓட்டு. சோதனை மெஷின் வாங்குவது, மூன்று மாதம் பார்ப்பது, கால்நடை மருத்துவரிடம் பேசி மாதம் இரண்டு தடவை ஊருக்கு வரவழைப்பது. ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு பதின்மூன்று. தவமணி எதிர்த்துத்தான் கை தூக்கினார். கிளம்பும்போது மட்டும், “மூணு மாசம்தான் பாப்பேன்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிற கால்கள். நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

இரண்டு ஏற்பாடுகளில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. மில்லில் திறமைக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் யந்திரத்தை எப்போது மாற்றுவது, யாரை வேலையைவிட்டு அனுப்புவது என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் பேச்சியம்மாளுக்கு நாற்காலி இல்லை. பால் சங்கத்தில் நாற்காலி இருக்கிறது, ஆனால் உழைத்தவருக்கும் ஏய்த்தவருக்கும் ஒரே விலையாக இருந்ததில் சங்கமே சாகப் பார்த்தது. காலையில் கூலிக்கு நூல் ஒட்டுகிற அதே கை மாலையில் பொதுக்குழுத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறது. அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தார் அந்த அம்மாள். இங்கே கற்றதை என்றைக்காவது அங்கேயும் கொண்டுபோவார் என்று நான் நம்புகிறேன். இந்த நம்பிக்கை எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மில் பார்க்க ஒரு மாதம் முன்பே எழுதி அனுமதி வாங்குங்கள், வாசலில் போய் நின்றால் விடமாட்டார்கள். சேலையோ துப்பட்டாவோ இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும், தலைமுடியை மூட ஒரு துணி வேண்டும், காதுக்குப் பஞ்சு அவர்களே தருவார்கள். பிப்ரவரியில் வெயில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும், சித்திரையில் போகாதீர்கள். நேரம் இருந்தால் செண்பகத்தோப்புப் பக்கம் போகலாம், வனத்துறை அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், நான் போகவில்லை. பால்கோவாவை அன்றன்றைக்கே சாப்பிடுவது நல்லது. ஆட்டோவில் ஏறினால் எந்தச் சங்கம் என்று முழுப் பெயரும் சொல்லுங்கள். இரவு 7.15க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ், பதினொன்றரைக்குத் திண்டுக்கல் வீடு. மொத்தச் செலவு, பால்கோவாவும் சேர்த்து, தொள்ளாயிரத்துக்குள்.

இதை எழுதிவிட்டு, வெளியிட மனமில்லாமல் ஏழு வாரம் வைத்திருந்தேன், முடிவு தெரியாமல் எப்படி வெளியிடுவது என்று. நேற்று காலை பேச்சியம்மாள் ஒரு படம் அனுப்பினார். சங்கத்து வாசல் பலகை, மெஷின் வந்த முதல் நாள், சுண்ணாம்புக் கட்டியில் எழுதிய பெயர்களும் அளவுகளும். கொழுப்பில் முதல் இடம் தவமணி. கீழே, கீழே, இன்னும் கீழே தேடினேன். கடைசிக்கு முந்தின பெயர் பேச்சியம்மாள். பதறிப்போய் உடனே போன் செய்தேன்.

“ஆமா டீச்சர், எம் மாடுதான் மானத்த வாங்கிருச்சு. தவமணி மதினி காலையிலயிருந்து பலகை பக்கத்துலயே நிக்காக, போக மாட்டேங்காக” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “இனி அவுக எங்கயும் போக மாட்டாக.”